கணினிக்குள் வேலைப் பங்கீடு

கந்தோர் ஒன்றில் எட்டு இலிகிதர்கள் கடமையாற்றுகின்றனர் எனக் கொள்க. அவர்கள் முன் நூற்றுக்கணக்கான கோவைகள் குவிந்து கிடக்கின்றன. எந்தக் கோவையை எவர் எடுப்பது, எவ்வளவு நேரம் அதனைப் பார்ப்பது, எப்பொழுது அதனை ஒதுக்கிவைத்து வேறொன்றைக் கையிலெடுப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கத் தலைமை இலிகிதர் ஒருவர் வேண்டும். ஆனால், இந்தக் கந்தோரில் தலைமை இலிகிதருக்கென்று தனி நாற்காலி கிடையாது. தீர்மானம் செய்யவேண்டி நேரும் ஒவ்வொரு தடவையும் அந்த எட்டுப் பேரில் ஒருவரே தம் கைவேலையை நிறுத்தித் தலைமைக் கடமையைச் சற்று நேரம் ஏற்கின்றார். தீர்மானம் முடிந்ததும் எழுத்து வேலைக்குத் திரும்புகின்றார். எனவே, பங்கிடுவதைப்பற்றி எவ்வளவு ஆழமாக யோசிக்கின்றாரோ அவ்வளவு நேரம் எழுத்து வேலை தடைப்படும்.

இன்றைய கணினியின் உள்நிலைமை ஏறக்குறைய இதுவே. இலிகிதர் என்று மேலே சொன்னது, கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும் முறைவழியாக்கி. புரொசெசர் என்று பலரும் வழங்குவது இதனையே. சட்டைப்பையில் அடங்கும் கைத்தொலைபேசியிலும் இப்பொழுது எட்டு முறைவழியாக்கிகள் இருப்பது சாதாரணம். கோவை என்றது, நிறைவேற வேண்டிய பணியை. தலைமை இலிகிதரின் கடமை, பணிசெயல் முறைமை என்னும் அடிப்படை மென்பொருளுக்கு உரியது. அம்முறைமையினுள்ளும், எந்தப் பணி எந்த முறைவழியாக்கியில் எப்பொழுது ஓடவேண்டும் எனத் தீர்மானிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதனை இங்கு பங்கீட்டுப் பகுதி என வழங்கலாம்.

இப்பகுதி கடைப்பிடிக்கவேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான் எனக் கூறினாலும் பெரிய பிழையாகாது. செய்யப்படுவதற்கு ஆயத்தமான பணி ஒன்று காத்திருக்கும்பொழுது முறைவழியாக்கி எதுவும் வாளாவிருத்தல் கூடாது என்பதே அவ்விதி. வீட்டில் நான்கு பேர் சேர்ந்து வேலை செய்யும் எவருக்கும் இது சொல்லாமலே விளங்கும். அவ்வாறிருக்க, உலகின் பெருங்கணினிகளுள் மிகப் பலவற்றை இயக்கும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இவ்விதியை ஆண்டுக்கணக்காக மீறி வந்ததென்றும், அதனை ஒருவரும் கவனிக்கவில்லையென்றும் 2016ஆம் ஆண்டில் ஆறு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இத்துணை எளிய விதியைக் காப்பது எவ்வாறு இத்துணை அரிதாயிற்று?

முறைவழியாக்கி ஒன்றேயிருந்த காலத்திற் பிரச்சினை வேறு விதமானது. ஒருவரே பலருக்குப் பணிவிடை செய்யவேண்டும்; ஒவ்வொருவருக்கும் தமக்கே முழு நேரமும் கிடைப்பதுபோலத் தோன்றவும் வேண்டும். 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், பேர்ணாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் இதனைச் செய்துகாட்டினர். ஐ.பி.எம். 709 என்னும் கணினியின் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாக அவர்கள் வெட்டினர். ஒரு பணிக்கு ஒரு கூறு. அது முடிந்ததும் அப்பணி இருந்த நிலையைக் குறித்துவைத்து, அடுத்த பணிக்கு அடுத்த கூறு. நீண்ட பணிகள் குறுகிய பணிகளை மறித்து நில்லாதபடி, நெடுநேரம் ஓடும் பணியைப் பின்வரிசைக்குத் தள்ளி, அங்கே அதன் முறை வரும்பொழுது நீண்ட கூறொன்றைக் கொடுக்கும் உபாயத்தையும் அவர்கள் கண்டனர். இன்றைய கணினிகளிலும் செக்கனுக்கு 100 முதல் 1000 தடவை வரை கடிகாரமொன்று மணியடித்தாற்போல முறைவழியாக்கியை இடைமறிக்கின்றது. ஓடும் பணியைத் தொடரவிடுவதா, மாற்றுவதா என்ற வினா அப்பொழுதெல்லாம் எழுகின்றது.

ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைவழியாக்கிகளை இணைக்கும் முயற்சியும் 1960களிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும், நெடுங்காலம் அது பெருநிறுவனங்களுக்கு மட்டுமே எட்டிய ஆடம்பரமாயிருந்தது. சாதாரண மக்களின் மேசைக்கு அது வந்து சேர்ந்ததற்குக் காரணம் வெப்பம். முறைவழியாக்கியின் வேகத்தைக் கூட்டக் கூட்ட அது கொதிக்கத் தொடங்கிற்று. இன்டெல் நிறுவனம் தான் அறிவித்திருந்த 4 கிகாஹேட்ஸ் வேகமுள்ள பென்டியம் 4ஐ 2004ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைவிட்டது. மறு ஆண்டே, ஒரு சில்லில் இரண்டு முறைவழியாக்கிகள் அடங்கிய மேசைக்கணினிகள் கடைகளுக்கு வந்தன. ஒருவரை இன்னும் விரைவாக ஓடச்செய்ய இயலாதபோது இருவரை வேலைக்கு அமர்த்துவது வழமைதானே.

ஆனால், ஆட்களைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும் என்னும் எண்ணமே முழுவதும் மெய்யன்று. இதனை 1966ஆம் ஆண்டிலேயே கணித முறையில் நிறுவியவர் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொனால்ட் கிரஹாம். பல பந்துகளை ஒரே சமயத்தில் எறிந்து ஏந்தும் வித்தையில் வல்லவர் இவர். பின்னர் அவ்வித்தைக்காரரின் சர்வதேசச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். அவர் காட்டிய உதாரணம் எளியது. சற்றுப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் எவருக்கும் விளங்கும்.

ஒன்பது பணிகள் உள்ளன. முதலாம் பணிக்கு 3 மணி நேரம் வேண்டும். இரண்டாம், மூன்றாம், நான்காம் பணிகளுக்கு 2 மணி வீதம் வேண்டும். ஐந்து முதல் எட்டு வரையான நான்கு பணிகளுக்கும் 4 மணி வீதம். ஒன்பதாம் பணி மாத்திரம் நீண்டது. அதற்கு 9 மணி. முதலாம் பணி முடிந்த பின்னரே ஒன்பதாவதைத் தொடங்கலாம். நான்காம் பணி முடிந்த பின்னரே ஐந்தாவது முதல் எட்டாவது வரையுள்ளவற்றைத் தொடங்கலாம். கை ஓய்ந்தவர் எவரும், அப்பொழுது தொடங்கக்கூடிய பணிகளுள் இலக்கத்தால் முந்தியதை எடுத்துக்கொள்ளவேண்டும். எடுத்ததை முடிக்காமல் வைத்தல் ஆகாது.

மூன்று பேர் இவ்வேலையைச் செய்வதாகக் கொள்க. முதல் மூன்று பணிகளையும் மூவரும் எடுக்கின்றனர். இரண்டு மணி கழிந்ததும் இருவருக்குக் கை ஓய்கின்றது. ஒருவர் நான்காம் பணியை எடுக்க, மற்றவருக்குத் தொடங்கக்கூடியது எதுவுமில்லாததாற் காத்திருக்கின்றார். மூன்றாவது மணியில் முதலாம் பணி முடிய, அதைச் செய்தவர் ஒன்பதாம் பணியை எடுக்கின்றார். அது பன்னிரண்டாவது மணியில் முடியும். நான்காவது மணியிலிருந்து மற்ற இருவரும் எஞ்சிய நான்கு பணிகளையும் இரண்டிரண்டாகச் செய்து, அதே பன்னிரண்டாவது மணியில் முடிக்கின்றனர். மொத்தம் 12 மணி நேரம்.

இப்பொழுது நான்காவது ஆளொருவரைச் சேர்த்துப் பார்க்க. முதல் நான்கு பணிகளும் ஒருங்கே தொடங்குகின்றன. இரண்டாவது மணியில் மூவருக்குக் கை ஓய்கின்றது. நான்காம் பணியும் முடிந்துவிட்டபடியால் அவர்கள் ஐந்து, ஆறு, ஏழு ஆகியவற்றை எடுத்து ஆறாவது மணிவரை உழைப்பர். மூன்றாவது மணியில் முதலாமவர் ஓய்கின்றார். அவர்முன் எட்டும் உண்டு, ஒன்பதும் உண்டு. இலக்கத்தில் முந்தியதென்று எட்டையே எடுக்கின்றார். ஆகவே, நீண்டதான ஒன்பதாம் பணி, ஆறாவது மணியில் மற்றொருவர் கை ஓயும்வரை கிடக்கின்றது. ஆறிலிருந்து ஒன்பது மணி சென்று பதினைந்தாவது மணியில் முடிகின்றது. ஆள் கூடிற்று, வேலையோ 3 மணி நேரம் பிந்திற்று! ஆளைக் கூட்டாமல், மூவரே ஒவ்வொரு பணியையும் ஒரு மணி நேரம் குறைவாகச் செய்யும் வல்லமை பெற்றாலும் 12 மணி 13 ஆகின்றது என்பதையும் கிரஹாம் காட்டினார். கடதாசியிற் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

ஒருவரும் சோம்பியிருக்கவில்லை, விதியை மீறவுமில்லை என்பதே இதில் வியப்பு. செய்யத்தக்க வேலை இருக்கையில் ஒருவரும் வாளாவிருத்தல் ஆகாது என்ற விதி முற்றாகக் காக்கப்பட்ட நிலையிலேயே இந்தத் தாமதம் நேர்ந்தது. ஆயினும், கிரஹாமின் ஆய்வில் ஓர் ஆறுதலும் உண்டு. அந்த ஒரு விதியை மாத்திரம் தவறாது காத்தால், பணிகளை எந்த வரிசையில் எடுத்தாலும், முடிவதற்குச் செல்லும் நேரம் மிகச் சிறந்த ஏற்பாட்டுக்குச் செல்லும் நேரத்தின் இரு மடங்கை ஒருபோதும் எட்டாது என அவர் நிறுவினார். கணினியின் பங்கீட்டுப் பகுதிக்கு இது பெரியதொரு வாக்குறுதி. ஏனெனில், ஒரு பணி எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அது முன்கூட்டி அறியாது. பாட்டுக் கேட்பவர் எப்பொழுது நிறுத்துவார், கடிதம் எழுதுபவர் அடுத்த எழுத்தை எப்பொழுது அழுத்துவார் என்பதை யார் அறிவார்? மிகச் சிறந்த ஏற்பாட்டைத் தேட வழியில்லாத இடத்தில், வாளாவிருக்க விடாமையே கைகண்ட மருந்து. அந்த விதியும் மீறப்படுமாயின் எந்த வாக்குறுதியும் எஞ்சாது.

அவ்விதியைக் காப்பதற்கு மிக இலகுவான வழி, பணிகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவதாகும். தபாற்கந்தோரில் எட்டு யன்னல்களுக்கும் பொதுவாக ஒரே வரிசை நின்றால், எந்த யன்னல் வெறுமையாகின்றதோ அங்கே வரிசையின் முதலாள் செல்வார். ஒரு யன்னல் வெறிச்சோடிக் கிடக்க மற்றொன்றில் நெருக்கடி என்பதற்கு இடமே இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் தோர்வால்ட்ஸ் மாணவராயிருந்தபொழுது 1991இல் தொடக்கிய லினக்ஸ் முறைமை, முதலில் இந்த வழியையே பின்பற்றிற்று. பல முறைவழியாக்கிகளை ஆளும் வல்லமையை அது 1996ஆம் ஆண்டில் வெளியான 2.0 ஆம் பதிப்பிற் பெற்றது. 2001இல் வெளிவந்த 2.4 ஆம் பதிப்பிலும் பொது வரிசை ஒன்றே இருந்தது. பங்கீட்டு வேலை இலகுவானதே என அவ்வாண்டில் தோர்வால்ட்ஸ் எழுதியுமிருந்தார். அப்பொழுதிருந்த கணினிகளை நோக்க, அது தவறான கூற்றுமன்று.

ஒரே வரிசையினால் வரும் தொல்லைகள் இரண்டு. இரு முறைவழியாக்கிகள் ஒரே நொடியில் வரிசையைத் திருத்த முற்பட்டால் ஒரே பணியை இருவரும் எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனைத் தடுக்க வரிசைக்கு ஒரு பூட்டு இடப்படுகின்றது. ஒருவர் திறந்து எடுக்கும்வரை மற்றவர்கள் நிற்கவேண்டும். இரண்டு பேர் என்றால் இது பொருட்டன்று. அறுபத்துநான்கு பேர் ஒரு பூட்டைச் சுற்றி நின்றால், வேலை செய்யும் நேரத்திலும் பூட்டைப் பார்த்து நிற்கும் நேரமே மிகுந்துவிடும்.

மற்றைய தொல்லை இன்னும் நுட்பமானது. இலிகிதர் ஒருவர் கோவையொன்றைப் பார்க்கத் தொடங்கினால், அதற்கு வேண்டிய பழைய பத்திரங்களைப் பதிவேட்டறையிலிருந்து வருவித்துத் தம் மேசைமேற் பரப்பி வைத்திருப்பார். அக்கோவையை மறுநாள் அவரே எடுத்தால் வேலை உடனே தொடரும். வேறொருவர் எடுத்தால், பதிவேட்டறைக்கு மீண்டும் நடை. முறைவழியாக்கிக்கும் இத்தகைய மேசை உண்டு. பதுக்கு நினைவகம் என்பது அதன் பெயர். மிக அண்மையிலுள்ள பதுக்கு நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 1 நனோ செக்கன் செல்லும். பிரதான நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நனோ செக்கன் செல்லும். பெரிய கணினிகளில் நினைவகமே பல பிரிவுகளாகப் பிரிந்து, சில முறைவழியாக்கிகளுக்கு அண்மையிலும் மற்றவற்றுக்குத் தொலைவிலும் அமைந்துவிடுகின்றது. ஆகவே, ஒரு பணி முன்பு ஓடிய இடத்திலேயே மீண்டும் ஓடுதல் நலம். பொது வரிசையோ இதை அறியாது; வெறுமையான யன்னலுக்கு அடுத்தவரை அனுப்புவதன்றி வேறெதனையும் அது பாராது.

எனவே, 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6 ஆம் பதிப்பில், இங்கோ மொல்னார் என்பவர் அமைத்த புதிய பங்கீட்டுப் பகுதி ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் தனித்தனி வரிசை வகுத்தது. பூட்டுக்காக நிற்கும் நேரம் குறைந்தது. பணிகளும் தத்தம் இடத்தில் தங்கின. நான்காண்டுகளின் பின் அவரே அதனை நீக்கி, இதுவரை மிகக் குறைந்த நேரம் பெற்ற பணிக்கே அடுத்த முறை என்னும் நியாயமான வேறொரு முறையைப் புகுத்தினார். அதற்குத் தூண்டுகோலாயிருந்தவர், அவுஸ்திரேலியாவில் மயக்கமருந்து வைத்தியராகத் தொழில் புரிந்துகொண்டே ஓய்வு நேரத்திற் பங்கீட்டு முறைகளை ஆராய்ந்த கோன் கொலிவாஸ் என்பவர். எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடியதாக ஒரு மென்பொருள் இருப்பதன் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

ஆயின், தனி வரிசை வகுத்த அன்றே பழைய விதிக்கு ஆபத்து நேர்ந்தது. தபாற்கந்தோரில் யன்னலுக்கொரு வரிசை நின்றால், ஒன்று நீள மற்றொன்று வற்றும். அதனைச் சரிசெய்ய, இடையிடையே வரிசைகளை ஒப்பிட்டு நீண்டதிலிருந்து குறுகியதற்குச் சிலரை நகர்த்தவேண்டும். சுமையைச் சமப்படுத்தல் எனப்படும் இவ்வேலையை எல்லா முறைவழியாக்கிகளுக்குமிடையே ஒவ்வொரு கணமும் செய்வதென்றால் முன்னைய பூட்டுத் தொல்லையே திரும்பி வரும். ஆகையால், லினக்ஸ் முறைமை முறைவழியாக்கிகளைப் படிப்படியாகக் குழுக்களாக்குகின்றது. அண்மையிலுள்ளவை ஒரு சிறு குழு. அத்தகைய குழுக்கள் சேர்ந்து ஒரு பிரிவு. பிரிவுகள் சேர்ந்து முழுக் கணினி. சிறு குழுவுக்குள் அடிக்கடியும், பிரிவுகளுக்கிடையே அரிதாகவும் ஒப்பீடு நடைபெறும்.

மேலும், சுமை என்பதைப் பணிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் நீதியாகாது. பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவர் 64 கிளைப்பணிகளை ஏவ, மற்றொருவர் ஒரேயொரு பணியை ஏவினால், நேரத்தை 65 கூறாக்கி முதலாமவருக்கு 64 கூறு கொடுப்பது அநியாயம். இருவருக்கும் ஒத்த பங்கு கிடைக்கவேண்டும் என்று கருதி, முதலாமவரின் கிளைப்பணி ஒவ்வொன்றுக்கும் சிறிய எடையும், இரண்டாமவரின் தனிப்பணிக்கு 64 மடங்கு எடையும் இடப்பட்டன. நோக்கம் நல்லது. அதன் விளைவு என்னவாயிற்று என்பதையே 2016ஆம் ஆண்டின் ஆய்வு வெளிப்படுத்திற்று.

பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளிற் பணியாற்றிய ஆய்வாளர் அறுவர், எட்டுப் பிரிவுகளில் எட்டெட்டாக 64 முறைவழியாக்கிகள் அமைந்த கணினியொன்றை எடுத்துக்கொண்டனர். புள்ளிவிபரக் கணக்கிடும் தனிப்பணிகள் இரண்டையும், 64 கிளைப்பணிகளாகப் பிரிந்து ஒரு பெரிய மென்பொருளைத் தொகுக்கும் பணியொன்றையும் ஒருங்கே ஓடவிட்டனர். முறைவழியாக்கிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தி, நேரம் செல்லச் செல்ல ஒவ்வொன்றிலும் எத்தனை பணிகள் நிற்கின்றன என்பதை நிறங்களாற் காட்டும் படமொன்றையும் வரைந்தனர். படத்தில், தனிப்பணிகள் ஓடிய இரு பிரிவுகளிலும் முறைவழியாக்கிகள் வெறுமையாகக் கிடந்தன. மற்றைய பிரிவுகளிலோ ஒன்றுக்கு மேற்பட்ட கிளைப்பணிகள் ஒரே முறைவழியாக்கிக்காகக் காத்து நின்றன.

பிழை இருந்த இடம் சராசரிக் கணக்கு. ஒரு பிரிவில் 64 எடையுள்ள தனிப்பணி ஒன்று ஓடுகின்றது. மற்ற ஏழு முறைவழியாக்கிகளும் வெறுமை. அப்பிரிவின் மொத்தச் சுமை 64. எட்டுக்குச் சராசரி 8. அயற்பிரிவிலோ ஓர் எடையுள்ள கிளைப்பணிகள் பத்து நெருக்கி நிற்கின்றன. மொத்தம் 10, சராசரி ஒன்றேகால். இவ்விரண்டையும் ஒப்பிடும் பங்கீட்டுப் பகுதி, முதற்பிரிவே பெருஞ்சுமை தாங்குகின்றதென்றும் அங்கே இன்னும் வேலையை அனுப்புதல் தகாதென்றும் முடிவு செய்கின்றது. ஊரில் ஒரு செல்வர் இருப்பதால் அவ்வூரின் சராசரி வருமானம் உயர, அயலிலுள்ள ஏழு குடும்பங்களின் பட்டினி கணக்கில் மறைந்துபோவதைப் போன்றதே இது. சராசரிக்குப் பதிலாக, ஒவ்வொரு பிரிவிலும் மிகக் குறைந்த சுமையுள்ள முறைவழியாக்கியை ஒப்பிடும்படி ஆய்வாளர் திருத்தினர். மென்பொருள் தொகுக்கும் நேரம் நூற்றுக்கு 13 வீதம் குறைந்தது. தனிப்பணிகளுக்கு அதனால் யாதொரு நட்டமும் நேரவில்லை.

அவர்கள் கண்ட பிழைகள் மொத்தம் நான்கு. அவற்றுள் ஒன்று, பதுக்கு நினைவகத்தின்மேற் கொண்ட அளவிறந்த பற்றினால் விளைந்தது. உறங்கிய பணியொன்றை எழுப்பும்பொழுது, அது முன்பு ஓடிய பிரிவிலேயே எழுப்பவேண்டும் என முறைமை விரும்பிற்று. அப்பிரிவில் எல்லோரும் வேலையில் மூழ்கியிருக்க, அடுத்த பிரிவில் வெறும் மேசைகள் கிடந்தாலும் கேள்வியில்லை. அடிக்கடி உறங்கி விழிக்கும் கிளைப்பணிகளைக் கொண்ட தரவுத்தளம் ஒன்றில் இதனால் நூற்றுக்கு 14 முதல் 23 வீதம் வரை வேலை குறைந்தது.

மிகக் கொடிய விளைவைத் தந்தது மிகச் சாதாரணமான தவறு. முறைவழியாக்கி ஒன்றை நிறுத்திவைத்துப் பின்னர் மீண்டும் இயக்கும் வசதி லினக்ஸில் உண்டு. அவ்வாறு ஒருமுறை செய்தபின், பிரிவுகளுக்கிடையே சுமையைச் சமப்படுத்தும் ஏற்பாடு திரும்ப அமைக்கப்படவில்லை. மென்பொருளை ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதிய ஒரு சமயத்தில், அதனை அமைக்கும் கட்டளை தவறுதலாக விடுபட்டுப்போயிருந்தது. விளைவாக, ஒரு பிரிவில் தொடங்கிய கிளைப்பணிகள் யாவும் அந்தப் பிரிவிலேயே கிடந்து உழன்றன. 64இல் எட்டு மட்டும் உழைக்க, எஞ்சிய 56உம் உறங்கின. எட்டு மடங்கு தாமதமே எதிர்பார்க்கத்தக்கது. விஞ்ஞானக் கணக்கொன்றில் அது 138 மடங்காயிற்று. அக்கணக்கின் கிளைப்பணிகள் ஒன்றன் முடிவை மற்றொன்று எதிர்பார்த்து நிற்பவை. முடிவைத் தரவேண்டியது தன் முறைக்காக வரிசையில் நிற்க, அதனை எதிர்பார்ப்பது முறைவழியாக்கியைப் பிடித்துக்கொண்டு “முடிந்ததா, முடிந்ததா” என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதிலேயே தன் நேரக்கூறு முழுவதையும் செலவிட்டது.

இவையெல்லாம் ஆண்டுக்கணக்காகக் கண்ணிற்படாதிருந்தமைக்குக் காரணம் யாது? கணினி நின்றுபோகவில்லை. விடை பிழையாக வரவில்லை. சற்றுப் பிந்தி வந்தது; அவ்வளவே. பிந்தி வந்த விடையைப் பார்த்து, இது இன்னும் முந்தி வந்திருக்கலாம் என எவர் சந்தேகிப்பார்? ஒரு முறைவழியாக்கி வெறுமையாயிருந்த நேரமோ பெரும்பாலும் செக்கனின் ஒரு கூறு. சில வேளைகளிற் சில செக்கன்கள். நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்துக் காட்டும் கருவிகளில் அது கரைந்து மறைந்தது. பெருங்கணினிகள் நிறைந்த நிலையங்களில் இவ்வாறு வீணாகிய மின்சாரத்துக்குப் பட்டியல் வந்துகொண்டேயிருந்தது. வீண் என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. ஒரு பத்தாண்டுக்கால விரயம் என்று தம் கட்டுரைத் தலைப்பிலேயே அவ்வாய்வாளர் குறித்தது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். மிகைப்படுத்தல் எனத் தள்ளிவிடவும் இயலாது.

சமப்படுத்தும் பகுதி பின்னர் பெருமளவுக்குத் திருத்தி எழுதப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான 5.5 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. கணினியில் இடமிருக்கும் வேளையில் எடைக்கணக்கைப் பாராது, வெறுமையாயுள்ள முறைவழியாக்கிகள் எத்தனை என்பதையே அது பிரிவுக்குப் பிரிவு ஒப்பிடுகின்றது. எந்தக் கேள்வி முதலிற் கேட்கப்பட்டிருக்கவேண்டுமோ அந்தக் கேள்விதான் இது.

இதற்கிடையில் கைத்தொலைபேசிகள் இவ்விதியையே வேறொரு கோணத்திற் பார்க்கச் செய்துவிட்டன. அவற்றிலுள்ள முறைவழியாக்கிகள் ஒரு தன்மையன அல்ல. சில வலியவை, மின்னை வாரி உண்பவை. சில மெதுவானவை, சிக்கனமானவை. ஆம் என்னும் பிரித்தானிய நிறுவனம் 2011ஆம் ஆண்டில் இந்தக் கலப்பு ஏற்பாட்டை அறிவித்தது. இங்கே ஒரு சிறு பணி காத்திருந்தாலும், அதற்கென வலிய முறைவழியாக்கி ஒன்றை உறக்கத்திலிருந்து எழுப்புவதைவிட, சிக்கனமான ஒன்றின் வரிசையில் இன்னொன்றாக அதனைச் சேர்ப்பது மின்கலத்துக்கு நல்லதாயிருக்கலாம். எந்தப் பணியை எங்கே ஓடவிட்டால் எவ்வளவு மின் செலவாகும் எனக் கணித்துப் பங்கிடும் முறை, 2019ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.0 ஆம் பதிப்பிற் சேர்ந்தது. கிரஹாமின் மூவருக்குக் கூலி ஒரேயளவு; இங்கோ ஆளுக்கொரு கூலி.

ஒரே முறை எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தாது என்பது இவ்வாறு தெளிவாகிவிட்டபடியால், 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பு புதியதோர் உரிமையை வழங்கிற்று. கணினியை நடத்துவோர் தமக்கு ஏற்ற பங்கீட்டு முறையைத் தாமே எழுதி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே அதனைப் புகுத்தவும் அகற்றவும் கூடும். ஆனால், அந்த உரிமையுடன் ஒரு காவலும் வைக்கப்பட்டுள்ளது. புகுத்தப்பட்ட முறையின்கீழ், ஓட ஆயத்தமான பணி எதுவும் குறித்த நேரத்துக்குமேல், அதாவது ஆகக்கூடியது 30 செக்கனுக்குமேல், ஓட விடப்படாமற் காத்து நின்றால், அந்த முறை உடனே வெளியேற்றப்படும்; பழைய பங்கீட்டுப் பகுதி யாவற்றையும் மீண்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்.